அடுப்பைத் தாண்டிய எறும்புகள்

இப்போதெல்லாம் ஆளாளுக்குக் குறி சொல்லக் கிளம்பிவிட்டார்கள் என்று கிழவர் சுடலைக்கு எரிச்சல். காக்கை கரைந்தால் ஒரு சேதி, பல்லி விழுந்தால் ஒரு சேதி. ஏலப்பாறைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் மழை விட்டபாடில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் எறும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எறும்பு முட்டையைத் தூக்கிட்டு ஓடுது. மேட்டு லயத்துக்குப் போயிருவோம்."

"நீ போ. பச்ச உடம்புக்காரிய மழையில இழுத்துட்டுப் போயி சன்னிக் காய்ச்சல் கண்டா, எறும்பா வந்து பாக்கும்?"

மகள் சின்னத்தாய் பிள்ளை பெற்று இன்னும் தீட்டுக் கழியவில்லை. அதுவரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. மலையை ஒட்டிய பின்சுவரில் அடுப்பு. குளிருக்கு அதன் பக்கத்திலேயே இருவரையும் படுக்க வைத்திருந்தார்.

எறும்பு சங்கதி அவருக்குத் தெரியாததா? மழை பிடித்தால் அவை அடுப்புச் சுவர் விரிசலுக்குத்தான் வரும். முட்டையைத் தனியாக, புழுவைத் தனியாகக் குவித்து, நக்கி நக்கித் துடைக்கும். சூடு கூடினால் சற்றுத் தள்ளி வைக்கும், குறைந்தால் கிட்டே கொண்டுவரும். இதில் என்ன குறி?

"குளிர் காய வருதுக. உன்னய மாதிரிதான்" என்றார் மகளிடம்.

அவள் சிரிக்கவில்லை. "யப்பா, அடுப்புல நிக்கலயே. தாண்டிப் போகுதுகளே."

குனிந்து பார்த்தார். விரிசல் காலி. வாயில் வெள்ளை மணியோடு எறும்புகள் அடுப்பைச் சட்டை செய்யாமல் பக்கச்சுவரில் ஏறி, வாசல் நிலை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தன. தவறி விழுந்த புழு ஒன்றை எடுக்க ஓர் எறும்பு திரும்பி வந்தது.

விரிசலில் கை வைத்தார். கணகணவென்று இருக்கவேண்டிய சுவர் சில்லென்றிருந்தது. விரல் நுனியில் செம்மண் தண்ணீர். சுவருக்குப் பின்னால் மலைமண் இளகிவிட்டது.

"எந்திரி." பிள்ளையைக் கம்பளியில் சுற்றி எடுத்தார்.

"தீட்டுப்பா..."

"ஏச்சு எனக்கு வரட்டும். நட."

மேட்டு லயத்துப் படியேறும்போது பின்னால் மண் சரிந்தது. திரும்பினால், அடுப்பிருந்த இடமெல்லாம் செம்மண்.

முன்னாலேயே போயிருந்த குருவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எறும்பு ரூபத்துல மாரியாத்தாதான் வந்து சொல்லியிருக்கா, மாமா."

"அவளுக்கு வேற சோலி இல்லையாக்கும். சுவத்துல தண்ணி எறங்குச்சு, அதுக அதுக பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுச்சுக. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சுவத்தைத் தொட்டுப் பாத்தது நானு."

"தொட வச்சது யாரு?"

 சுடலை பிள்ளையை அவள் கையில் திணித்தார்.

"எல்லாம் புளுகு" என்று முனகிக்கொண்டே, தலையில் சாக்கைப் போட்டு, கீழ் லயத்தில் மிச்சமிருப்பவர்களை எழுப்ப மழைக்குள் இறங்கி நடந்தார்.