மூலைப் பானையில் முளைத்த கேழ்வரகு

1936ஆம் வருஷம் ஆவணியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டியில், காணாமல் போனவர் வீட்டுக் கேழ்வரகு அவருடைய எலும்பின் மேல் விழுந்தால், வெற்றிலை மெல்லும் நேரத்தில் முளைத்தது. வேறு யார் வீட்டுக் கேழ்வரகும் முளைக்கவில்லை. வாந்திபேதிக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர்களில் பலர் காட்டுவழியிலேயே விழுந்து கிடந்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்த எலும்புகளை வாங்கி, ஆளுக்கொரு பானையில் வைத்து, மஞ்சள் துணியால் மூடிக் காத்தவள் சென்னம்மாள். ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம், "நம்மூட்டுப் புள்ளைய எவளாச்சும் இப்பிடி எடுத்து வெப்பாளுங்க" என்றாள்.

அரூரிலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் மடியில் ஒரு பிடி கேழ்வரகை முடிந்துகொண்டு ஆட்கள் வந்தார்கள். யாருடையது முளைத்ததோ அவர்கள் பானையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், எடுத்துப்போய்க் கருமாதி செய்தார்கள். முளைக்காத கேழ்வரகைத் தின்னக்கூடாது என்று குருவிக்கு இறைத்துவிட்டுப் போனார்கள் மற்றவர்கள். மூலையிலிருந்த ஒரு பானை மட்டும் ஏழு வருஷமாக யாருக்கும் முளைக்கவில்லை. அது மஞ்சவாடிக் கணவாயில் கிடைத்தது. சேலத்தில் மில் வேலைக்கென்று சென்னம்மாளின் மகன் தீர்த்தன் போன வழியும் அதுதான்.

அந்தப் பானைக்கு அவள் முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. மகன் கடைசியாக அடித்துத் தூற்றிய கேழ்வரகில் ஒரு படியை முடிந்து விட்டத்தில் கட்டியிருந்தாள். அதன்பின் தனக்கென்று கேழ்வரகு வாங்கவே இல்லை, சாமைதான் பொங்கினாள். காற்றில் விட்டம் முனகினாலே முக்காலி போட்டு ஏறி முடிச்சை இறுக்குவாள். அந்தப் பானைக்குள் ஒரு மணி உதிர்ந்தால் போதும், தெரிந்துவிடும். உதிராத வரைக்கும் தீர்த்தன் மில்லில் இருக்கிறான். அதற்காக அவளைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்?

1943இல் மழை பொய்த்தது. புருஷனைத் தேடிச் சித்தேரி மலையிலிருந்து முனியாயி இறங்கி வந்தாள். சென்னம்மாள் எல்லாப் பானைகளையும் திறந்து வைத்தாள். முனியாயி தூவிய கேழ்வரகு ஒன்றிலும் முளைக்கவில்லை.

"அப்ப எவகிட்டயோ கஞ்சி குடிச்சிக்கிட்டு நல்லாத்தான் இருக்கறானுங்க, கட்டையில போறவன்" என்று சிரித்தவள், சிரித்தபடியே சுவரோடு சரிந்து விழுந்தாள். பானைக்கு வேண்டுமே என்று, மடியிலிருந்த கேழ்வரகைத் தொடாமல் இரண்டு நாள் பட்டினியாக நடந்து வந்திருந்தாள்.

சென்னம்மாள் சாமைக் கலயத்தைக் கவிழ்த்தாள். தூசிதான் விழுந்தது. அண்டை வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. அவள் விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முக்காலியில் ஏறி முடிச்சை அவிழ்த்தாள். திருகையில் கொட்டும்போது நாலு மணி தெறித்து மூலைப் பானைக்குள் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாவரைத்து, கூழ் காய்ச்சி, முனியாயியின் தலையைத் தூக்கி வாயில் ஊற்றினாள்.

பாதிக் கலயம் உள்ளே போனதும் முனியாயி கண் திறந்தாள். "அக்கா, அந்த மூலப் பானை பச்சையா கெடக்குதுங்க."

"தெரியும். நீ குடி."

முனியாயி குடித்து முடித்தபின்தான் சென்னம்மாள் எழுந்துபோய்ப் பானையருகே உட்கார்ந்தாள். மறுபடி எழுந்திருக்க அவளுக்கு மூன்று நாளாயிற்று. அதுவரை அவளுக்குக் கூழ் ஊட்டியவள் முனியாயி.

கருமாதி முடிந்ததும் அந்த நாலு நாற்றைக் கொல்லையில் நட்டார்கள். அறுத்தபோது ஒரு படி தேறியது. பாதியை விதைக்கென்று முனியாயி மலைக்குக் கொண்டுபோனாள், மீதியைச் சென்னம்மாள் களி கிண்டித் தின்றாள். ருசியில் வித்தியாசம் ஒன்றுமில்லை. அதன்பிறகு, தேடி வருகிறவர்களை முதலில் உட்காரவைத்துக் கூழ் ஊற்றினாள். பானைகளை அப்புறம்தான் திறந்தாள்.