யாரும் மறுக்காவிட்டால்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், எங்கள் கணினிக் குழுவின் இணைய விவாதப் பக்கத்தில் நன்றி சொல்ல ஒரு கட்டம் இல்லாததுதான். ஒப்புதலுக்குக் கட்டம் உண்டு, மறுப்புக்கு உண்டு. நன்றியை எங்கே போடுவது? கதையில் போடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் இமோஜன்…

(வேண்டாம். ஹோபார்ட்டில் மழை ஒரு செய்தியா? தவிர, இமோஜனுக்கு மழையோடு சண்டை இல்லை. அவள் சண்டை பூஜ்யத்தோடு.)

2

பேடமெலன், நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் வளர்க்கும் கணினி நிரல்மொழி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் கருவிகள் அனுப்பும் அளவுகளை வாசிக்கும் ஒரு கட்டளை, அளவு வராத இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். எங்கள் குழுவில் ஒருத்தியான இமோஜனின் தங்கை பால்பண்ணை வைத்திருக்கிறாள். தொட்டியின் வெப்பமானி பழுதான அன்று பேடமெலனில் ஓடும் திரை பூஜ்யம் காட்டியது. பால் ஜில்லென்று இருப்பதாக நம்பிவிட்டாள். தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

இமோஜன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அளவு வராவிட்டால் கட்டளை அங்கேயே நின்று பிழை என்று கத்த வேண்டும்; இதுதான் அவள் முன்மொழிவு. நாங்கள் அதை மாதக்கணக்கில் கிழித்துத் தொங்கவிட்டோம். வலையில் கிடைத்த பேடமெலன் நிரல்களையெல்லாம் புது விதியோடு ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட உடையவில்லை. (எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யும் தப்பு இது: கண்ணில் பட்டதை ஓட்டிவிட்டு, உலகத்தையே ஓட்டிப் பார்த்ததாக நினைப்பது.)

பிறகு விவாதப் பக்கத்தை நடத்தும் ரோபோ, அதாவது ஒரு தானியங்கி நிரல், எங்கள் குழுவின் பெயர்களை வரிசையாகப் போட்டது. எல்லாரும் ஒப்புதலுக்கு டிக் அடித்தோம். காத்திருப்புக் காலம் முடிவதற்குள் குழுவில் யாரும் டிக்கை எடுக்காவிட்டால் மாற்றம் தானாக உள்ளே போய்விடும்.

3

கடைசி நாள் காலையில் டோங்கா தீவுகளிலிருந்து செமிசி என்பவர் எழுதினார். முதல் வரைவில் அவரை மேசையைத் தட்டிக் கத்தவைத்திருந்தேன். கதைக்குச் சூடு வேண்டுமே. அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் எழுதியது இதுதான்:

"லேட்டா வந்ததுக்கு மன்னிச்சிடுங்க, இங்க இன்டர்நெட் படுத்துடுச்சு. படகுத்துறையில அலை உயரம் காட்டுற பலகை ஒண்ணு பேடமெலன்ல எழுதி வச்சிருக்கேன். கடல்ல அலையை அளக்குற எங்க மிதவைகள்ல ஒண்ணு எப்பவும் செத்துத்தான் கிடக்கும். நீங்க மாத்தினா அந்த ஒண்ணுக்காகப் பலகையே அணைஞ்சிடும். இத்தனை வருஷமா ஓசியில ஓட்டுறேன், ஒரு நன்றிகூட சொன்னதில்ல. முதல் பேச்சே தகராறா போச்சேன்னு வெக்கமா இருக்கு. ரொம்ப நன்றி."

இமோஜன் பதில் போட்டாள்: "அப்போ செத்த மிதவைக்கு அலை பூஜ்யம்னா காட்டுது? ஐயோ!"

"கடல் என்னைக்குங்க பூஜ்யமா இருந்திருக்கு? பூஜ்யம்னா மிதவை தூங்குதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்."

நான் போன் போட்டேன். "இமோஜன், அவர் குழுவுல இல்ல. அவர் மறுப்பை ரோபோ கண்டுக்காது. சாயந்திரம் உள்ள போயிடும்."

"தெரியும்."

"நான் என் டிக்கை எடுத்துடட்டுமா?"

"எடுத்துப் பாரு, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்." அவளே தொடர்ந்தாள்: "அந்தப் பாலைக் கொட்டினப்போ என் தங்கச்சி எப்படி அழுதா தெரியுமா?"

4

முடிவு, ஒன்று: இமோஜன் பேசாமல் இருக்கிறாள். மாற்றம் உள்ளே போகிறது. ஒரு விடியற்காலையில் பலகை அணைந்து கிடக்க, படகுகள்… (என்னால் முடியாது.)

முடிவு, இரண்டு: பழைய கட்டளையும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும் என்று எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (எங்கள் குழுவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நடந்தது: சாயந்திரத்துக்குள் இமோஜன் தன் முன்மொழிவிலிருந்து தன் டிக்கையே எடுத்தாள். மறுப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். காரணம் என்ற இடத்தில், "செமிசி."

தங்கை கேட்டாளாம்: "என்னடி ஆச்சு உன் மாத்தம்?"

"ஒருத்தர் நன்றி சொன்னார். நின்னுடுச்சு."

இன்றுவரை அந்தக் கட்டளை பூஜ்யம்தான் தருகிறது. பால்பண்ணைக்கும் படகுத்துறைக்கும் சேர்த்து ஒரு வழியை இமோஜனும் செமிசியும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே என்னிடம் முடிவு கிடையாது. விவாதப் பக்கம் திறந்தேதான் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் வந்து எழுதுங்கள். உங்கள் பெயர் ரோபோவுக்குத் தெரியாது, இமோஜன் படிப்பாள்.