குமிழி அணித் தலைவர்

கொட்டாரம் வாசகசாலை ஆண்டுவிழா நோட்டீசில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் குமாரதாஸின் பெயருக்கு முன்னால் 'சொல்வேந்தர்' என்று போட்டிருந்தது. பட்டம் கொடுத்தது அதே வாசகசாலைதான். அன்றைய பொன்னாடைச் செலவு மட்டும் சாருடையது. இந்த வருடப் பட்டிமன்றம்: 'வீட்டு விலையேற்றம் – குமிழியா, கோபுரமா?' சார் குமிழி அணித் தலைவர்.

நோட்டீஸ் அச்சான மறுவாரம் அவர் மனைவி சத்தியபாய்க்குக் கல்லீரல் மாற்ற வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைக்குள் முப்பது லட்சம் கட்ட வேண்டும். இருந்தது ஒரே வீடு. குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உள்ளூர்க்காரன் ராஜகுமார் அதை அறுபது லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்தான். திங்கட்கிழமை பத்திரம். பட்டிமன்றம் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

சார் செயலாளரிடம் ஓடினார். "என்னைக் கோபுர அணிக்கு மாத்திவிடும் வே."

"நோட்டீஸ் அடிச்சாச்சே சாரே. பேரு முன்ன பின்ன ஆனாலே இங்க வெட்டுக்குத்து."

சரி, தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். இருபது வருட மேடையில் பழகாத வேலை.

முதல் வரிசையில் ராஜகுமார் உட்கார்ந்திருந்தான். சார் முதல் சுற்றில் இரண்டு குறளைச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து உட்கார்ந்தார். எதிரணித் தலைவர் இசக்கி, வீட்டுத் தரகர், எழுந்தார்.

"நமக்குத் தெக்க கடல், வடக்க மலை. நடுவுல கிடக்க இடம் இனி குட்டி போடுமா? விலை இறங்கவே இறங்காது."

சார் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

"பாருங்க, சொல்வேந்தரே கைதட்டுதாரு," என்றார் இசக்கி. "சொல்லு தீந்து போச்சு. இனி வேந்தரு மட்டும்தான் மிச்சம்."

கூட்டம் சிரித்தது. சத்தியபாய், கல்லீரல், வியாழக்கிழமை எல்லாம் அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயின. சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"விலையைக் கேட்டா தரகர் பேசுவாரு. வாடகையைக் கேளுங்க, அது உண்மை பேசும். எனக்க வீட்டையே எடுத்துக்கிடுங்க. அறுபது லட்சமாம். வாடகைக்கு விட்டா எட்டாயிரம். போட்ட முதலு திரும்ப அறுபது வருசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் சுவரு நிக்குமா? முப்பதுக்கு மேல ஒருத்தன் குடுத்தா அவன் மடையன்."

கைதட்டல் நிற்கவில்லை. சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டியபோதுதான் முதல் வரிசை தெரிந்தது. ராஜகுமாரும் தட்டிக்கொண்டிருந்தான், மெதுவாக, யோசித்து யோசித்து.

சார் ஒரு துண்டுத்தாளில் எழுதி நடுவருக்கு அனுப்பினார். நடுவர் ததேயுஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். கையில் கிடைத்த தாளை உரக்க வாசிக்காமல் இருக்க அவரால் முடியாது.

"'ஐயா, எதிரணிக்கே தீர்ப்பு வழங்கவும். காலில் விழுகிறேன்.' அவையோரே, இந்தப் பெருந்தன்மையை வேறு எங்கே காண்போம்? தீர்ப்பு, குமிழியே."

பொன்னாடை விழுந்தது. இந்த முறை வாசகசாலைச் செலவு.

மேடைக்குக் கீழே ராஜகுமார் காத்துக்கொண்டிருந்தான். "மடையன்னு ஊருக்கு முன்னால சொல்லிட்டிய சாரே. இனி அறுபது குடுத்தா எனக்க வீட்டுக்காரி வீட்டுல ஏத்தமாட்டா. முப்பது. நாளைக்கே பத்திரம். வேண்டாம்னா விட்டிருங்க."

வேறு ஆள் பார்க்கலாம் என்றால், வீடு வாங்கும் வசதியுள்ள கொட்டாரம் முழுக்க இந்தப் பந்தலில்தான் இருந்தது. வியாழனுக்கு நான்கு நாள்.

"சரி மக்கா," என்றார் சார். குரல் மேடைக்குரல் இல்லை. "அவ ஆசுபத்திரியில இருந்து வந்தா படுக்க ஒரு இடம் வேணும். அங்கயே வாடகைக்கு இருந்துக்கிடட்டா?"

"இருங்க சாரே, அதுக்கென்ன. வாடகைதான் உண்மை பேசும்னு நீங்கதானே சொன்னிய. எட்டாயிரம். ஆறு மாச அட்வான்சு தந்தா போரும்."

மேடையிலிருந்து செயலாளர் கூப்பிட்டார். "சாரே, கேடயத்த வச்சிட்டுப் போயிட்டியளே. ஏறி வாங்க, போட்டோ எடுக்கணும். கொஞ்சம் சிரிச்ச முகமா."