லத்தீப் நானா விற்ற குடை

1
இந்தக் கதை என் மனைவி எழுதிய ஒரு மனுவிலிருந்து வந்தது. அவள் இறந்து ஐந்து மாதம். நான் எழுத உட்கார்ந்தது அவளைப் பற்றி அல்ல, காசோலை மாற்றும் கூலியைப் பற்றி. (அப்படித்தான் நினைத்தேன்.)

2
முதல் தொடக்கம்: “கொஸ்லந்தக் கடைவீதியில் மழை—”

வேண்டாம். அங்கே எப்போதும் மழைதான்.

இன்னொன்று: தேயிலைத் தோட்டத்து ஆட்களின் காசோலைகளை லத்தீப் நானா தன் கடையில் வாங்கிக்கொள்வார். நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். தோட்டப் பள்ளி ஆசிரியை சரோஜாதேவி, என் மனைவி, இது அநியாயம் என்று மனுப் போட்டாள். நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. அப்போது அவள் இல்லை.

நானா உத்தரவைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். காசோலை வாங்குவதை நிறுத்தினார்.

[அவளுடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.]

3
இராசமணி முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். குடியுரிமை ஒப்பந்தப்படி வெள்ளிக்கிழமை இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் பயணம், ஒரேயடியாக. கையில் சேமலாபக் காசோலை, சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த பணம், இரண்டாயிரம் ரூபாய். அடையாள அட்டை இல்லை, அதனால் வங்கிக் கணக்கும் இல்லை. அவளை அழவைத்து எழுதிப் பார்த்தேன். அவள் அழுகிற ஆளில்லை.

“டீச்சரம்மா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க, மாஸ்டர். அஞ்சு புடிச்சப்ப மிச்சம் கைக்கு வந்துச்சு. இப்ப பலகைதான் தொங்குது.”

கடைக்குக் கூட்டிப் போனேன்.

“செக் மாறி வர மூணு கிழமை, இருபத்தொரு நாளாகும் மாஸ்டர். அதுவரைக்கும் என்ட காசுதான் முடங்கும். ஒண்டுக்கு ஏலாது,” என்றார் நானா. தலைக்கு மேல் தொங்கிய குடைகளைப் பார்த்தார். “மாத்துக்கூலி நூத்துக்கு ஒண்டுதான், இருபது ரூபா. ஆனா இவ ஒரு குடை வாங்கட்டும். எண்பது ரூபா.”

“நான் போற ஊர்ல மழையே இல்லையாம், நானா.”

“வெயிலுக்குப் பிடி.”

பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். “நீங்க எழுதுங்க மாஸ்டர். டீச்சர் வீட்டுக் கையெழுத்தெண்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

4
முடிவு ஒன்று: நான் எழுத மறுக்கிறேன். மனு ஜெயிக்கிறது. இராசமணி வெறுங்கையோடு கப்பலுக்கு ரயிலேறுகிறாள்.

முடிவு இரண்டு: எண்பது என்று எழுதுகிறேன். இருபதும் எண்பதும் நூறு, நூற்றுக்குப் பழைய ஐந்தேதான். இரவு வீட்டில் சரோஜாவின்—

(அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: சரோஜாவே வருகிறாள். குடையை விரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, “இதுக்கு எண்பதா, நானா?” என்கிறாள். இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

5
பில்லில் எழுதியது இவ்வளவு: “குடை ஒன்று. ரூபாய்”. பேனா அங்கேயே நிற்கிறது. நானா பணக்கட்டை வெளியே எடுத்துவிட்டார். இராசமணி குடையை அக்குளில் இடுக்கியாயிற்று.

விலையை நீங்கள் போடுங்கள். நானா பணத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிடாத விலையாக இருக்கட்டும். சரோஜா கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாகவும்.