இவளும் இருக்கா

“நிழலாய் ஒருத்தி போட்டாச்சா?”

தேநீர் போடும் அம்மாள் அலுவலகச் சமையலறைக்குள் நின்றுகொண்டு இரண்டாம் தடவையாகக் கத்தினாள். கூட்ட அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். நடுவே ஒரு கதவும் நீளமான நடைவழியும் இருந்தன. அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் தொடருக்குத் தலைப்பு பிடிக்கிற முறை இதுதான். தொடர் பிரிவின் தலைவரை எல்லோரும் பாஸ் என்பார்கள். அவர் எந்தத் தலைப்பையும் காகிதத்தில் பார்க்க மாட்டார். அடுப்படியில் கை வேலையாக நிற்கிற ஒருத்தி, ஹாலில் இருப்பவர்களைப் பார்த்து ‘அது போட்டாச்சா’ என்று கேட்க வேண்டும். கேட்கும்போது நாக்கு தடுக்கக் கூடாது, வெட்கம் வரக் கூடாது. அப்படிக் கத்திக் கேட்க முடியாத தொடரை யாரும் தேடிப் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி.

“தூங்குறவன எழுப்ப மாட்டேங்குது,” என்றார் பாஸ். “ரேடியோல கவிதை படிக்கிற மாதிரி இருக்கு. அடுத்தது?”

அடுத்தது இல்லை. பெரியவள் நோட்டில் நான்காவது தலைப்பையும் கோடு போட்டு அடித்தாள். அறுபத்தொரு வயது. பதினொரு வருஷமாக அங்கே கதை வசனம் எழுதுகிறாள். எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெண் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தாள். நோட்டே இல்லாமல், மடியில் கணினியை வைத்துக்கொண்டு.

“மேடம், வசனம் எழுத ஆள் இருக்கு,” என்றார் பாஸ். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது உறைத்தது. “இந்தப் பாப்பா ஒரு நாளைக்கு மூணு எபிசோடு எழுதுது. உங்கள நான் வச்சிருக்கறதே தலைப்புக்காகத்தான். ஆறு தொடர் குடுத்தீங்க, ஆறும் ஜனங்க வாயில நின்னுச்சு. ஏழாவதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா பாப்பா யோசிக்கட்டும், நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க.”

“நானும் ட்ரை பண்றேன் சார்,” என்றது பாப்பா, பெரியவளைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தபடி.

அந்த ஆறு தலைப்பில் ஒன்றுகூடப் பெரியவளுடையது இல்லை. அது அவளுக்கும் இன்னொருத்திக்கும் மட்டும் தெரியும்.

அந்த இன்னொருத்தி, அவள் தங்கை, வீட்டில் பின்னறை ஜன்னலோரம் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கல்யாணத்துக்கு மறு வருஷம் உதவிக்கு என்று வந்தவள். உதவி முடியவே இல்லை. அக்காவின் மகனை வளர்த்து, அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்து, பேத்தி பிறந்து, அவளையும் இடுப்பில் வைத்துச் சுமந்தாயிற்று. இவளுக்கு ஒரு வரன் பார்க்க வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச காலம் அந்த வீட்டில் இருந்தது, பிறகு பழைய நாற்காலியைப் போல ஒரு நாள் காணாமல் போனது. மகனுக்கும் மருமகளுக்கும் அவள் சித்தி. அக்காவுக்கு ‘ஏய்’.

தலைப்பு பார்ப்பது இப்படி நடக்கும். பெரியவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டிலிருந்து படிப்பாள். சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு தேய்ப்பாள். பிடிக்காத தலைப்புக்கு இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வாய் மட்டும் ஏதாவது சொல்லும். நல்ல தலைப்பு காதில் விழுந்தால் பெட்டி நின்றுவிடும். அவ்வளவுதான் தீர்ப்பு. தானாக ஒன்றைச் சொல்வதும் உண்டு. அப்போது பெரியவள், “உனக்கென்னடி தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொள்வாள். ஆறும் அப்படி வந்தவைதான்.

இந்தத் தடவை இரண்டு வாரமாக அவள் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. காரணம் கதைதான். பாஸ் கேட்டிருந்த கதை அப்படி: வீட்டில் ஒருத்தி இருப்பாள், எல்லா வேலையும் செய்வாள், யார் கண்ணிலும் பட மாட்டாள். பெரியவள் ஒரே மூச்சில் இருபது பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள். இவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். எழுதி முடித்த பிறகுதான் அதை வீட்டில் வைத்துப் படிக்க முடியாது என்று உறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் நாற்காலியை இழுத்தாள்.

“என்னக்கா, இந்தப் பக்கமே காணோம். தலைப்பெல்லாம் அங்கயே கிடைக்குதா?”

“தொடர் ஒண்ணு வருது. கேளு. மௌனத்தின் இரண்டாம் பக்கம்.”

“மொதப் பக்கத்துல என்ன செய்தி?”

“தியாகச் சுடர்.”

“மெழுகுவத்தி டப்பா மேல போடலாம்.” பெட்டி தலையணை உறையின் மேல் போய்வந்தது. “தலைப்புலயே நீ அழுதுட்டன்னா பாக்கறவ எதுக்கு அழுவா? கதை என்னன்னு சொல்லு மொதல்ல.”

பெரியவள் நோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒரு குடும்பம். அக்கா, அக்கா புருஷன், பிள்ளைங்க. கூடவே தங்கச்சி. கல்யாணம் ஆகல. வீட்டு வேலையெல்லாம் அவதான். யாரும் அவள கண்டுக்கறதில்ல.”

பெட்டி நிற்கவில்லை. உறையின் நான்கு மூலையும் தேய்த்து, மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு தடவை ஓட்டினாள்.

“வயசு என்ன அவளுக்கு?”

“இருபத்தெட்டு.”

“ம். டிவிக்கு அப்படித்தான் இருக்கணும்.” அடுத்த உறையை உதறி விரித்தாள். “அழகா இருப்பாளா?”

“கதாநாயகி பின்ன எப்படி இருப்பா?”

“சரிதான். அப்ப அவள யாரும் கண்டுக்காம எப்படி இருப்பாங்க? ஜனங்க கேக்க மாட்டாங்க?” என்று சிரித்தாள். பிறகு, “நல்ல தலைப்புன்னா புதுசா செய்யறது இல்லக்கா. யாரோ ஒருத்தி வாயில ஏற்கெனவே இருக்கும். நீ சொல்வியே, அதையே போடு,” என்றாள்.

“நான் என்னத்தச் சொன்னேன்?”

“உன் மகனோட ஆபீசுப் பெரியவர் குடும்பத்தோட வந்தாரே போன மாசம். எல்லாரையும் அறிமுகப்படுத்தின. இவன் என் மகன், இது மருமக, இது பேத்தி, சுட்டின்ன. நான் தட்டோட பின்னால நின்னேன். அவரு என்னப் பாத்துட்டாரு. யாருன்னு கேக்க வாயத் தொறந்தாரு. நீ கையக் காட்டி, ‘இவளும் இருக்கா’ன்னு சொன்ன.”

இஸ்திரிப் பெட்டியை அவளே நிமிர்த்தி வைத்தாள்.

பெரியவளுக்கு அந்தச் சாயங்காலம் நினைவில் இல்லை. நினைவில் இல்லாததே அது உண்மை என்பதற்குச் சாட்சி. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நான் அப்படியா சொன்னேன் என்றாவது கேட்டிருக்கலாம். ஆனால் அவள் மனசுக்குள் ஒரு பெண் அடுப்படியில் நின்று, ‘இவளும் இருக்கா போட்டாச்சா’ என்று ஹாலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுத்தமாகக் கேட்டது. கை அதற்குள் எழுதி முடித்துவிட்டது. எழுதிய பிறகு கீழே இரண்டு கோடும் போட்டது.

“நல்லாயிருக்குல்ல?” என்றாள் சின்னவள்.

“பரவால்ல.”

“பரவால்லயா. ரெண்டு கோடு போட்டிருக்க.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அக்கா, ஒண்ணு கேக்கறேன். மத்த ஆறும் உனக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் என் பேரப் போடச் சொல்றியா? ஆரம்பத்துல பேரெல்லாம் ஓடுமே, அதுல. தலைப்புன்னு போட்டு. ஓரமாப் போட்டாப் போதும்.”

முப்பத்தேழு வருஷத்தில் அவள் கேட்ட முதல் பொருள் அது. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, எழுத்தைத் தப்பாகப் போட்டுவிடப் போகிறார்கள் என்று தன் பெயரை முதலெழுத்தோடு பெரிதாக, பள்ளிக்கூடத்து எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பெரியவள் அதை நான்காக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தேநீர் அம்மாள் கத்தினாள். “இவளும் இருக்கா போட்டாச்சா?”

“போட்டாச்சு போட்டாச்சு,” என்று நடைவழியில் நகல் எடுத்துக்கொண்டிருந்த யாரோ பதில் கத்தினார்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. பாஸ் மேசையைத் தட்டி எழுந்தார்.

“பாத்தியா பாப்பா, இது. கேக்கும்போதே சுருக்குங்குது. யாரு அவ, ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு இருக்கு. எங்க புடிச்சீங்க மேடம்? யாரு சொன்னது?”

கண்ணாடிக் கூடு பெரியவளின் கைக்குள்தான் இருந்தது. கட்டைவிரல் அதன் மூடியில் இருந்தது. எதிரே பாப்பா கண்ணிமைக்காமல் பார்த்தது. தங்கச்சி சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, ‘அப்ப மத்த ஆறும்?’ என்று வரும்.

“எனக்குத்தான் தோணுச்சு. எங்க வீட்டுல சாதாரணமாச் சொல்ற வார்த்தை.”

“யாரச் சொல்வீங்க மேடம்?” என்றது பாப்பா.

“யாரையும் இல்ல. ஒரு பூனை இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் கூடச் சிரித்தாள்.

வீட்டில் சின்னவள் செருப்பைக் கூடக் கழற்ற விடவில்லை. “சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்னன்னாரு?”

“போடறேன்னாரு.”

மறு மாதம் பேருந்து நிறுத்தத்தில் பலகை வைத்தார்கள். கண்ணில் ஒரு சொட்டு நீரோடு ஒரு அழகி, அவள் தலைக்கு மேல் ஆளுயர எழுத்து. சின்னவள் காய் வாங்கப் போகிற வழியை மாற்றிக்கொண்டு தினமும் அதன் வழியாகப் போனாள். மருந்துக் கடைக்காரரிடம் சொன்னாள், கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரிடம் சொன்னாள், தலைப்பு நான் வச்சது, பேர் வரும் பாருங்க என்று. மருந்துக் கடைக்காரர் அதன்பிறகு அவளைக் கண்டால், “வாங்க இவளும் இருக்கா,” என்று கூப்பிடத் தொடங்கினார். கடையில் நின்றவர்களும் பழகிக்கொண்டார்கள். அதையும் அவள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “பாத்தியாக்கா, ஒட்டிக்கிச்சு. நல்ல தலைப்புன்னா ஒட்டணும்.”

முதல் நாள், ஏழரை மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். சின்னவள் தேய்த்த புடவை கட்டியிருந்தாள். யாரும் சொல்லாமலே சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்; அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இசை வந்தது. எழுத்து வந்தது. பேத்தி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தது. இயக்கம் என்று முதல் பெயர் அடியிலிருந்து ஏறியபோது பெரியவள் சொன்னாள்:

“ஏய், தண்ணி கொண்டா.”

“இப்பவாக்கா?”

“மாத்திரை போடணும். தொண்டை அடைக்குது.”

சின்னவள் யோசிப்பதற்கு முன்னால் அவள் உடம்பு எழுந்துவிட்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம். அடுப்படியில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. திரையில் ஒளிப்பதிவு போனது, இசை போனது. கதை, வசனம், தலைப்பு என்று மூன்றையும் சேர்த்துப் போட்டு, கீழே பெரியவளின் பெயர் நின்று, மெல்ல மேலே போனது. டீச்சர் அதை உதடசைத்துப் படித்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். பெரியவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புடவையெல்லாம் சிந்திக்கொண்டு, பாதித் தண்ணீரோடு சின்னவள் ஓடி வந்தாள். “வந்துருச்சா?”

“இப்பத்தானே போச்சு. நீ எங்க பாத்துட்டிருந்த?”

சின்னவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பேத்தி வாயைத் திறந்தது. மருமகள் அதன் தொடையில் ஒரு கையை வைத்து அழுத்திவிட்டு, “வந்துச்சு சித்தி. நல்லாப் பெருசாவே போட்டாங்க,” என்றாள். அத்தையின் சம்பளமும் சேர்ந்தால்தான் நடக்கிற வீட்டில் வேறென்ன சொல்வாள்.

“டீச்சர், நீங்க பாத்தீங்களா?”

“கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்மா,” என்றார் டீச்சர், கண்ணாடிக்குள்ளிருந்து. “எழுத்து ஒண்ணும் தெரியல.” கதை தொடங்குவதற்கு முன்பே எழுந்து படியிறங்கிப் போனார்.

சின்னவள் டம்ளரைக் கொடுத்தாள். “மொதலெழுத்து சரியாப் போட்டிருந்தாங்களாக்கா?”

“எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒக்காந்து பாரு, கதை ஓடுது.”

அவள் உட்காரவில்லை. வழக்கம்போலக் கதவோரம் நின்று பார்த்தாள். அழகி பாத்திரம் கழுவும் இடம் வந்தபோது, “இவ்ளோ நுரை எதுக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

பெரியவள் படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டாள். திங்கள் முதல் சனி வரை தினமும் ஏழரைக்கு அந்தப் பெயர்கள் ஓடும். ஓடினால் இரண்டு வருஷம் ஓடும். நாளைக்கு அழைப்பு மணி அடித்தது என்று கதவைப் பார்க்க அனுப்பலாம். நாளை மறுநாள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லலாம். கொஞ்ச நாளில் அவளே அலுத்து விட்டுவிடுவாள். எதைத்தான் அவள் விடவில்லை.

மறுநாள் ஏழே காலுக்குப் பெரியவள் ஹாலுக்கு வந்தபோது, சோபாவில் அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் முக்காலி போடப்பட்டிருந்தது. அதன் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர். பக்கத்தில் மூடி போட்ட கூஜா. ஒரு சின்னத் தட்டில் அட்டையிலிருந்து எடுத்து வைத்த மாத்திரை ஒன்று. அடுப்படி விளக்கு அணைந்திருந்தது. வாசல் கதவு தாழ் போட்டிருந்தது. சின்னவள் வீட்டுப் புடவையோடு தொலைக்காட்சிக்கு எதிரே தரையில், முக்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் மடியில் இருந்தது.

“எல்லாம் எடுத்து வச்சுட்டேன்கா. அடுப்பும் அணைச்சாச்சு.”

“இவ்ளோ கிட்ட ஒக்காந்தா கண்ணு கெட்டுப் போகும்டி.”

“ஒரு நாளைக்குத்தானே.”

இசை தொடங்கியது. மருமகள் பேத்தியை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரை முழுக்க அந்த இரண்டு வார்த்தைகள் வந்து நின்றன. அவற்றின் வெளிச்சம் சின்னவளின் முகத்தில் நீலமாக விழுந்தது. பெரியவள் மாத்திரையை வாயில் போட்டு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்து முக்காலியில் வைத்தாள். சின்னவளின் கை பின்னால் நீண்டது. திரும்பிப் பார்க்காமலே கூஜாவைத் தேடி எடுத்து, டம்ளரை மறுபடியும் நிரப்பியது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. விளிம்பு வரை நின்ற தண்ணீர் அந்த இசைக்கு லேசாக நடுங்கிக்கொண்டிருக்க, திரையின் அடியிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.