தையலுக்கு விட்ட அரை அங்குலம்

காருக்கு அளவெடுக்கும்போதும் டெய்லர் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார். கார் நான்கு மாதமாக நேராகத்தான் நின்றுகொண்டிருந்தது. வீட்டில் பிரச்சினையே அதுதான்.

டெய்லரின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முற்றத்தில் நிற்க வேண்டிய வேன், இந்த ஓடாத கார் வந்த நாளிலிருந்து தெருவில் நின்றது. போகிற வருகிறவனெல்லாம் அதில் கோடு கிழித்துவிட்டுப் போனான். மூன்றாவது கோடு விழுந்த அன்று அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டுத்தான் கணவரிடம் வந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள உங்க வண்டி தன் சொந்த என்ஜின்ல இந்த கேட்டைத் தாண்டணும். தாண்டலேன்னா எடைக்குப் போயிடும்."

அந்தக் காரில் டர்போ இருந்தது. காற்றை இழுத்துப் பிடித்து என்ஜினுக்குள் திணிக்கிற சாதனம். திணிக்கிற அவசரத்தில் காற்று சூடாகிவிடும். அதை ஆற்றுவதற்கு முன்பக்கத்தில் இன்டர்கூலர் என்று ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி. டர்போவிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து என்ஜினுக்கும் காற்று போய்வரக் குழாய் வேண்டும். காரை விற்றவர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அந்தக் குழாய்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியாது. குழாய் இல்லாமல் என்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"செட்டாவே வருது சார், ரெடிமேட்" என்றார் உதிரிபாகக் கடைக்காரர். ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டதும் டெய்லருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக அவர் வயிற்றில் அடித்த சொல் அது. விலையைக் கேட்டதும் ஏறினதெல்லாம் இறங்கிவிட்டது. அந்த விலைக்கு இரண்டு தையல் மெஷின் வாங்கலாம்.

"நானே தைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சொன்னதைச் செய்கிற மனிதர். மனைவியின் தம்பி அலுமினியத்தில் கதவும் ஜன்னலும் செய்து வெல்டிங் வைப்பவர். அவரிடம் இரண்டரை அங்குலக் குழாய் மிச்சம் கிடந்தது, அதுவும் சும்மாவே கிடைத்தது. வளைந்த குழாய்தான் விலை, நேர்க்குழாய் மலிவு. நேர்க்குழாயைச் சாய்வாகத் துண்டு போட்டு, துண்டுகளை ஒட்டிக்கொண்டே போனால் வளைவு வந்துவிடும். சட்டைக்கைக்கு முழங்கை வைப்பதில் டெய்லருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நோட்டில் எழுதினார்: டர்போ வாய், கழுத்து இரண்டரை. இடது கை முப்பத்தொன்று. முழங்கை, பேட்டரி பக்கம், கொஞ்சம் லூஸ்.

முதலில் ஒரு டிரையல் தைத்தார். யாரோ வாங்காமல் விட்டுப்போன கோடு போட்ட துணியில் பன்னிரண்டு துண்டு வெட்டி, குழாயாகத் தைத்து, உள்ளே வெட்டுத்துணி அடைத்து, என்ஜினுக்குப் போட்டுப் பார்த்தார். எங்கும் சுருக்கமில்லை, எங்கும் இழுக்கவில்லை. அவர் தைத்ததிலேயே அதுதான் நல்ல ஃபிட்டிங். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காருக்கு எதுக்குங்க பைஜாமா?" என்று கேட்டுவிட்டு மனைவி வேலைக்குப் போனார்.

டெய்லர் தையலைப் பிரித்தார். பன்னிரண்டு துண்டையும் இஸ்திரி போட்டு, நம்பர் எழுதி, மச்சானிடம் கொடுத்தார். "மச்சான், துணியைக் குழாய் மேல சுத்து, ஓரத்துல கோடு போடு, வெட்டு. உன் யோசனை ஒண்ணும் வேண்டாம்."

மச்சான் யோசனையைக் கைவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஜன்னலை இரண்டு விரல் உயர்த்தி வைத்ததற்கு மாமா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து சொன்ன அளவுதான். துணி எங்கே முடிந்ததோ அங்கே வெட்டினார், வெட்டியதை வைத்து வெல்டு அடித்தார்.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் குழாய் வந்தது. தூக்கிக்கொண்டு வர மச்சானுக்கு இரண்டு கையும் போதவில்லை.

"என்ன மச்சான், இது யானைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு?"

"நீங்க குடுத்த துணிதான் மாமா. ஒரு நூல் கூட மாத்தல."

டெய்லர் துணித்துண்டு ஒன்றை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் ஊசி ஓடிய தடம். அந்தத் தடத்துக்கு வெளியே, இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம். தையலுக்கு விட்டது. துணியில் அது உள்ளே மடிந்து காணாமல் போய்விடும். அலுமினியம் எங்கே மடிவது? துண்டுக்கு ஓர் அங்குலம், பன்னிரண்டு துண்டுக்கு ஓர் அடி.

வெட்டிச் சரிசெய்ய நேரமில்லை, புதிதாகச் செய்யக் குழாய் இல்லை. இடது ஹெட்லைட்டைக் கழற்றினார்கள். அந்த ஓட்டை வழியாகக் குழாயை வெளியே விட்டு, ஒரு பெரிய வளையமாகச் சுற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் மறுபடி உள்ளே நுழைத்தார்கள். கார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பதுபோல் நின்றது. ரப்பர் மாட்டி, கிளாம்பு முடுக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் காற்றுக் கசிவு பார்த்தார்கள். ஐந்தரைக்கு டெய்லர் சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமவில்லை. பாடியது!

"மாமா!" என்று மச்சான் கட்டிப்பிடித்தார். தராசோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பழைய இரும்புக்காரருக்கு முகம் தொங்கிப்போனது.

மனைவி மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வேன் ஓட்டுகிறவருக்கு இடைவெளி கண்ணிலேயே இருக்கும். தகரத்தில் செய்த தள்ளுகேட் அது. முழுக்கத் தள்ளினாலும் ஓரம் கொஞ்சம் வழியில் துருத்திக்கொண்டு நிற்கும். வளையத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே கையை நீட்டிப் பார்த்தார்.

"ஒரு சாண் இடிக்குது."

கேட்டைக் கழற்றவும் வழியில்லை. திருடன் கழற்றக்கூடாது என்று மச்சானே மேலும் கீழும் தடுப்பு வைத்து வெல்டு அடித்திருந்தார். இரும்புக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறாகப் பத்து நிமிஷம்தாம்மா இருக்கு" என்றார், பரிவாக.

டெய்லர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் படியில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருஷமா தைக்கிறேன். தைச்சதையெல்லாம் அவங்கவங்க போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்குன்னு நான் தைச்சது இது ஒண்ணுதான். அதுலயும் அளவு தப்பு."

மனைவி அவரைப் பார்த்தார். நேரம் கிடைக்காமல் கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. மூன்றாவது பட்டன் இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று யோசித்தார். ரொம்ப நாளாக இல்லை.

"டேய், கட்டரை எடு" என்றார் தம்பியிடம்.

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். "குழாயை வெட்டாதே, அது போனா…"

"குழாயை யாருங்க வெட்டச் சொன்னா? கேட்டை வெட்டு."

"அக்கா, இது நீ வீடு கட்டினப்போ நான் ஆசையா செஞ்சு குடுத்த கேட்டு!"

"அதான் உன்னையே வெட்டச் சொல்றேன்."

கணவரின் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, கேட்டின் ஓரத்தில், வளையத்தின் உயரத்துக்கு, ஒரு பெரிய அரைவட்டம் வரைந்தார். மச்சான் கட்டரோடு குனிந்தார். பிறகு பழைய அனுபவம் ஞாபகம் வந்து நிமிர்ந்தார்.

"அக்கா, தையலுக்கு எவ்வளவு விடணும்?"

"ஒண்ணும் விடாதே!"

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கார்க் கதவைத் திறக்கப் போன டெய்லரை நகரச் சொல்லிவிட்டு மனைவியே ஸ்டியரிங்கைப் பிடித்தார். குழாய் வளையம் கேட்டின் அரைவட்டத்துக்குள் உரசாமல் நுழைந்து வெளியே போனது. இரும்புக்காரரும் வெறுங்கையோடு போகவில்லை. வெட்டிய தகரத்தைத் தராசில் வைத்துவிட்டார்.

தெருவில் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க. ஒரு லைட்டுதான் இருக்கு, இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்திடணும்."

"எங்க?"

"துணிக்கடைக்கு. உங்களுக்கு ஒரு சட்டைத்துணி எடுக்கணும்."

டெய்லர் ஏறி உட்கார்ந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேரின் கழுத்தளவு அவருக்கு மனப்பாடம். தன்னுடையது எவ்வளவு என்று தெருமுனை வரைக்கும் யோசித்தார், ஞாபகம் வரவில்லை.