வெள்ளிக்கிழமை ஒரு மணி பாட்டில்

ஃபர்சானாவுக்குத் தன் கையெழுத்தின் மேலேயே நம்பிக்கை கிடையாது. ஒரு எண்ணை எழுதினால் மூன்று தரம் பார்ப்பாள். பகலில் ஆய்வுக்கூட வேலை, சாயங்காலம் படூரில் டிப்ளமோ வகுப்பு, போகிற பஸ்ஸில் டைரி. அன்றன்றைக்குச் செய்ததையும், செய்தது சரிதானா என்ற கவலையையும் அதில் எழுதி வைப்பாள்.

செங்கல்பட்டுக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் ஆலை. அதன் கழிவுநீர் பாதாள சாக்கடையில் விழுகிற இடத்தில், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஃபர்சானா மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆறு மணிக்கு நகராட்சி ஆள் வந்து ஆலையின் வால்வைப் பூட்டிச் சாவியைக் கொண்டு போய்விடுவார். இருபத்திரண்டு நாளாகப் பிடித்தாயிற்று. மீட்டர் ஏழு காட்டினால் நல்ல தண்ணீர், எண் இறங்க இறங்க அமிலம். இருபத்திரண்டு நாளும் ஏழுதான்.

ஆனால் அந்தச் சாக்கடை போய்ச் சேரும், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பம்பிங் ஸ்டேஷனில், மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் இரும்பு விசிறி எலி கடித்த அப்பளமாட்டம் அரித்துக் கிடந்தது. பராமரிப்புச் சரியில்லை என்று ஆபரேட்டர் பூங்கொடிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமையோடு மாதிரி எடுப்பது முடிகிறது. அதற்குள் அமிலம் சிக்காவிட்டால் அவள் வேலை போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பூங்கொடி ஃபர்சானாவை வழிமறித்தாள்.

"ஏழு வருசமா இந்த மோட்டார கொயந்த மாதிரி பாத்துகினு கீறேன். நீ இன்னாடான்னா தண்ணி நல்லா கீதுன்னு எழுதிகினு போற! வெள்ளிக்கெயம மத்தியானம் இங்க வந்து நில்லு, கண்ணு எரியிதா இல்லியான்னு பாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானமா? அன்று வகுப்புக்குப் போகிற பஸ்ஸில் பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று வெள்ளிக்கிழமையிலும் ஒரு மணிக் கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. அவளே போட்ட கோடு. ஆய்வுக்கூட வண்டியின் டிரைவர் ஜுனைத் ஜும்ஆ தொழுகைக்கு வண்டியை எடுப்பான். பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வண்டியில்தான் இருக்கும். அவளும் ஏறிக்கொள்வாள். பள்ளிவாசலை ஒட்டிய அவன் அக்கா வீட்டில் அவளுக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆலைக்காரன் மட்டும் யோசித்திருக்கிறான்.

'அல்லது நான்தான் கதை கட்டுகிறேனா?' என்று டைரியில் எழுதினாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து கீழே இறக்கினாள்.

"இன்னா தங்கச்சி, அக்கா நெய்ச்சோறு ஆக்கி வெச்சிருக்கு, வரலியா?" என்றான் ஜுனைத்.

"நீங்க தொழுதுட்டு வாங்கண்ணே. எனக்கும் சேத்து துஆ கேளுங்க."

வண்டி கிளம்பியது. ஃபர்சானா பெட்டியோடு இளநீர் வண்டியின் மறைவில் உட்கார்ந்தாள். ஆலை வாட்ச்மேன் முத்துசாமி தெருமுனை வரை எட்டிப் பார்த்துவிட்டு போனை எடுத்தார்.

"சார், வண்டி பூட்ச்சு. தொறந்துக்கோ!"

பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு போய், கொக்கி போட்டுச் சாக்கடை மூடியை இழுத்தாள். குப்பென்று ஆவி அடித்தது, கண் கரித்தது. கீழே மஞ்சளும் பச்சையுமாக வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கயிற்றில் குவளையை இறக்கி மொண்டு, மீட்டரை வைத்தாள். 2.1.

உடனே நம்பவில்லை. மீட்டரைக் கழுவி, அளவு தெரிந்த ஏழாம் நம்பர் திரவத்தில் வைத்தாள். 7.0. நாலாம் நம்பரில் 4.0. மறுபடி சாக்கடைத் தண்ணீரில். 2.1. பிறகுதான் நகராட்சிப் பொறியாளர் ஹரிசங்கருக்குப் போன் செய்தாள்.

அவர் வருவதற்குள் ஆலை சூப்பர்வைசர் தர்மராஜ் ஓடிவந்தார். "ஏம்மா, நீ போவலியா? நீயும் பாய் வூட்டுப் பொண்ணுதான?"

"எங்க ஊர்ல ஜும்ஆவுக்கு ஆம்பளைங்கதான் சார் போவாங்க."

ஹரிசங்கர் வந்ததும் அவள் மாதிரியை இரண்டு பாட்டிலில் பிரித்தாள். ஒன்று ஆய்வுக்கு, ஒன்று ஆலைக்கு. அரக்கு வைத்த சீட்டில் தர்மராஜ் கையெழுத்துப் போட வேண்டும்.

"மீட்டர் ரிப்பேரு சார். இந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியாது."

வழக்கமாக இப்படி ஒரு சொல் விழுந்தால் ஃபர்சானா ஒரு வாரம் தூங்க மாட்டாள். இன்றைக்கு மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வெச்சுப் பாருங்க சார். முதல்ல ஏழு, அப்புறம் நாலு, கடைசில உங்க தண்ணி."

வைத்தார். ஏழு. நாலு. இரண்டு புள்ளி ஒன்று. பேனா எங்கே என்று தேடினார். ஃபர்சானா தன் பேனாவைக் கொடுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே மொபெட்டில் வந்து சேர்ந்தாள் பூங்கொடி. பெட்டிக்குள் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். "உன் மேல இருந்த நோட்டீஸ இன்னிக்கே எடுத்துடறேம்மா" என்றார் ஹரிசங்கர். பூங்கொடி கோணிப்பையிலிருந்து அந்த அரித்த விசிறியை எடுத்து, தர்மராஜின் கையில் வைத்தாள்.

"இந்தாய்யா, உன் பொருளு. வூட்ல மாட்டி வெச்சுக்கோ. காத்து நல்லா வரும்."

முத்துசாமி கூடச் சிரித்துவிட்டார். தெருமுனையில் ஜுனைத்தின் வண்டி திரும்பியது. ஃபர்சானா பதிவேட்டைத் திறந்து, ஒரு மணிக் கட்டத்தில் 2.1 என்று அழுத்தி எழுதினாள். மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அடுத்த பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தாள்.